கன்று ஈன்ற பசுவின் கல்லீரலும் சினைப்பிடிப்பும்

கேள்வி (பண்ருட்டி): எங்கள் ஜெர்சி கலப்பினப் பசு, ஈன்ற புதிதில் அடர்தீவனத்தை ஒதுக்கிவிட்டு வைக்கோலை மட்டும் மென்று, விலா எலும்பு தெரிய மெலிந்தது, மூன்று மாதமாகியும் பருவத்துக்கு வரவில்லை. கல்லீரல் டானிக் கொடுத்தால் போதுமா, ஐயா?

பதில் (கால்நடை மருத்துவர், புதுச்சேரி): போதாது, ஐயா. கறவைக்குத் தேவையான ஆற்றல் தீவனத்தில் கிடைக்காதபோது உடற்கொழுப்பு கரைந்து கல்லீரலில் படிகிறது. கீட்டோன்கள் (கொழுப்பு சிதையும்போது கல்லீரலில் உண்டாகும் பொருள்கள்) பெருகி, குளுக்கோஸும் இன்சுலினும் குறைவதால் சினைமுட்டை வளர்ச்சி தாமதமாகிறது. முதலில் கருப்பையையும் சூலகத்தையும் பரிசோதிக்கச் செய்யுங்கள்.

பதில் (விருத்தாசலம்): பருவம் கத்தல் போன்ற வெளி அறிகுறி இல்லாமல் ஊமையாகவும் வரும் என்பதால், அதிகாலையில் பிறப்புறுப்பிலிருந்து கண்ணாடி போன்ற வழும்பு வடிகிறதா என்று பாருங்கள். அடுத்த ஈற்றுக்கு முன் மாட்டைக் கொழுக்க விடாமல், கடைசி 3 வாரங்களில் அடர்தீவனத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்: நன்றி, ஐயா. நாளையே மருத்துவரை அழைக்கிறேன். தாது உப்புக் கலவையைத் தொடரலாமா?

மருத்துவர்: அவசியம் தொடருங்கள்.