சில எலும்புகளை வைத்துப் புதிய டைனோசர் இனம் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

கோத்தகிரி ஆசிரியை:
எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஜெய்சல்மரில் கிடைத்த தரோசாரஸ் என்ற நீண்ட கழுத்து டைனோசர் பற்றி 2023-இல் வந்த செய்தியை வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். "முழு எலும்புக்கூடே கிடைக்கவில்லையே டீச்சர், ஏற்கெனவே தெரிந்த விலங்கின் குட்டியாக இருந்தால்?" என்று ஒரு மாணவி கேட்டாள். இந்தப் பிள்ளைக்கு அரைகுறையாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை. தேயிலைச் சரிவில் கிடக்கும் உருண்டைப் பாறைகளை டைனோசர் முட்டை என்றும் நம்புகிறார்கள். நீலகிரியில் அப்படி ஏதாவது கிடைக்குமா?

அரியலூர்க்காரன்:
ஆய்வாளர்களும் முதலில் அதைத்தான் கேட்டுக்கொள்வார்கள், அம்மா. குட்டியின் முள்ளெலும்பில் உருளைப் பகுதியும் அதன் மேல் வளைவும் ஒட்டாமல் இருக்கும், வளர்ந்தபின் ஒட்டிக்கொள்ளும். கால் எலும்பை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் வளர்ச்சிக் கோடுகளும் தெரியும்.

அவ்வளவு நீளக் கழுத்தைத் தூக்க வேண்டுமானால் எடை குறைய வேண்டும். அதனால் கழுத்தெலும்பில் காற்றுப்பைகள் புகுந்த குழிகளும், அவற்றுக்கு இடையே மெல்லிய தகடுகளும் உண்டு. அந்தத் தகடுகள் எங்கே பிரிகின்றன, எங்கே சேர்கின்றன என்பதுதான் இனத்தைக் காட்டிக்கொடுக்கிறது. ஒரு தொடை எலும்பு சொல்லாததை ஒரு நல்ல கழுத்தெலும்பு சொல்லிவிடும். வேறு எதிலும் காணாத அமைப்பு ஒன்றாவது இருக்க வேண்டும். அது மண் நசுக்கியதால் வந்த கோணலாகவும் இருக்கக் கூடாது.

ஜபல்பூரில் கிடைத்த டைனோசர் வாலெலும்புகளை வைத்து 1877-இல் லிடெக்கர் என்ற ஆய்வாளர் டைட்டனோசாரஸ் என்று பெயரிட்டார். எலும்பின் முன்புறம் குழி, பின்புறம் குமிழ். அன்று அது புதுமை. பிறகு உலகமெங்கும் பல விலங்குகளில் அதே அமைப்பு கிடைத்தது. 2003-இல் நடந்த மறுஆய்வு, அந்தப் பெயர் தனி இனத்தைக் குறிக்காது என்று விலக்கிவிட்டது.

எங்கள் அரியலூர் மாவட்டக் கல்லமேட்டில் கிடைத்த புருகத்காயோசாரஸ் என்ற டைனோசர் 1987-இல் பெயர் பெற்றது. கெண்டைக்கால் எலும்பே சுமார் 2 மீட்டர் நீளம் என்று பதிவாகியிருக்கிறது. அந்த எலும்புகள் பொடிந்துபோய்விட்டன. மூல எலும்பு கையில் இல்லாவிட்டால் யார் எதை ஒப்பிட்டுப் பார்ப்பது? இன்றும் மனம் ஆறவில்லை.

கொடைக்கானல் வாசகி:
டீச்சர், உங்கள் மலையிலும் எங்கள் பழனி மலையிலும் தேட வேண்டாம். நீலகிரியின் சார்னோகைட் பாறை பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவானது; வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். டைனோசர்கள் தோன்றியது 23 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். உருண்டைகள், வெங்காயத் தோல் உரிவதுபோல் பாறை அடுக்கடுக்காகச் சிதைந்தபின் மிஞ்சிய நடுப்பகுதி. 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் முட்டை என்று பரவியதும் கடல் படிவ உருண்டைகள்தான்.

அரியலூர்க்காரன்:
பிள்ளைகளை வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு அழைத்து வாருங்கள். ஓடைக்கரையில் எலும்புபோல் ஏதாவது தெரிந்தால் பிடுங்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டால் போதும்.