இன்டர்வெலில் தனியாக நிற்கும் பிள்ளைக்கு எதைப் பழக்குவது?

பள்ளி ஆலோசகர், மஞ்சக்குப்பம்
"என்னைச் சேத்துக்க மாட்டேங்கிறாங்க மிஸ்" என்று வரும் ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் "நீயே போய்ப் பேசு" என்று சொல்லி அனுப்பிப் பயனில்லை. எப்படிப் பேசுவது என்றுதான் அதற்குத் தெரியவில்லை. ஓடுகிற ஆட்டத்தின் நடுவே புகுந்து "நானும் வரேன்" என்று சொல்லும். இல்லையென்றால் பந்தைப் பிடுங்கும். இரண்டுக்கும் கிடைப்பது "போடா" தான்.

இப்படிப் பழக்குங்கள். முதலில் இரண்டு நிமிஷம் ஓரமாக நின்று ஸ்கோர் என்ன, யார் எந்தப் பக்கம் என்று பார்க்கட்டும். அப்புறம் ஆட்டத்தோடு ஒட்டின ஒரு பேச்சு: "செம கேட்ச்டா!" பந்து வெளியே உருண்டால் எடுத்துப் போடட்டும். ஓவர் முடிந்த பிறகு, "ஃபீல்டிங்குக்கு ஆள் வேணுமா?" எடுத்த எடுப்பில் பேட்டிங் கேட்டால் காரியம் கெட்டது.

வகுப்பில் நாலு பேரை ஆடவிட்டு, ஐந்தாவது ஆளை உள்ளே வரவைத்து நடிக்க 10 நிமிஷம் போதும். "ஆள் ஃபுல்" என்ற பதிலையும் கட்டாயம் நடிக்க வேண்டும். எல்லாரோடும் ஒட்டிப் பழகும் பிள்ளைக்கும் அந்தப் பதில் வரத்தான் செய்கிறது. "சரி, அடுத்த மேட்ச்ல சொல்லு" என்று முகம் சுளிக்காமல் நகரத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாச்சு.

பி.டி. ஆசிரியர், கடலூர் முதுநகர்
மேடம், டீம் பிரிக்கும் இடத்திலேயே வினை ஆரம்பிக்கிறது. இரண்டு கேப்டன்கள் மாறி மாறி ஆள் எடுத்தால், தினமும் கடைசியில் நிற்பது ஒரே பிள்ளை. நம் ஊர் உத்தி பிரித்தலைக் கொண்டுவாருங்கள். ஏறக்குறைய சம ஆட்டக்காரர்கள் இருவர் இருவராகத் தள்ளிப் போய் ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். "கப்பல் வேணுமா, கட்டுமரம் வேணுமா?" கேப்டன் பெயரைச் சொல்வார், ஆள் தானாகப் பிரிந்துவிடும். ஜோடியை மட்டும் பிள்ளைகள் விருப்பத்துக்கு விட்டால் ஒரே டீமில் விழ வேண்டும் என்று கெட்டிக்காரரோடு கெட்டிக்காரர் சேராமல் ஏமாற்றுவார்கள். யாருக்கு யார் ஜோடி என்று நாம் சொல்லிவிட வேண்டும். ஒற்றைப்படையாக வந்தால் ஒருவர் ஒப்புக்குச் சப்பாணி. அது தினம் ஒரு ஆளாக மாறட்டும், இல்லையென்றால் அதுவே பட்டப்பெயராகி ஒட்டிக்கொள்ளும்.

வகுப்பாசிரியை, முத்தியால்பேட்டை, புதுச்சேரி
தனியாக இருப்பவர் யார் என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சத்தம் போடாத பிள்ளைக்கு இரண்டு நல்ல தோழிகள் இருப்பார்கள். கூட்டத்தின் நடுவே சிரிக்கிற பிள்ளைக்கு ஒருவரும் இருக்க மாட்டார்கள். 1930களில் மொரேனோ என்ற மனநல மருத்துவர் பரவலாக்கிய முறை இதற்கு இன்றும் கைகொடுக்கும். ஆளுக்கொரு சீட்டு, "குரூப் வேலைக்கு யாரோடு உட்கார விருப்பம்?" என்று மூன்று பெயர். பெயரிலிருந்து பெயருக்கு அம்புக்குறி போட்டால், ஒரு அம்பும் வந்து சேராத பிள்ளை தெரிந்துவிடும். "யாரைப் பிடிக்காது?" என்று கேட்கவே கூடாது, அன்று மாலையே அது வகுப்பு முழுக்கப் பரவும். சீட்டு மேஜையில் கிடக்கக் கூடாது. அந்தப் பிள்ளையை, அது எழுதிய மூவரில் பொறுமையான ஒருவர் இருக்கும் நாலு பேர் குரூப்பில் போடுங்கள். அளவுகோல், கத்தரிக்கோல் குரூப்புக்கு ஒன்றுதான் கொடுக்க வேண்டும். ஆளுக்கொன்று கொடுத்தால் ஒருவரும் ஒருவரிடமும் பேச மாட்டார்கள்.

பள்ளி ஆலோசகர், மஞ்சக்குப்பம்
நல்லது டீச்சர். ஒன்று சேர்த்துக்கொள்கிறேன்: இதெல்லாம் ஆட்டத்தில் சேர்க்காமல் விடுவதற்கும், சின்னச் சண்டை சச்சரவுக்கும் மட்டும். ஒரே பிள்ளையைத் திரும்பத் திரும்ப, பலம் உள்ளவர்கள் குறிவைத்தால் அது வேறு. அங்கே இருவரையும் எதிரெதிரே நிறுத்தி "கை குடுத்துக்கோங்க, சாரி சொல்லு" என்றால், அடிபட்ட பிள்ளை அடுத்த முறை வாயே திறக்காது. தனித்தனியாகக் கூப்பிடுங்கள், பாதிக்கப்பட்டவரை முதலில். எங்கே, எப்போது, பக்கத்தில் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடி, பணம் பறிப்பு, போட்டோ மிரட்டல் என்றால் ஆலோசனை வகுப்பு போதாது. தலைமையாசிரியரிடம் அன்றே போக வேண்டும். பிள்ளைகளுக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் சொல்லி வையுங்கள்.