பனை ஓலைப் பொருட்கள்: மழைக்காலக் கண்காட்சிக்கு யோசனை வேண்டும்

வணக்கம். டிசம்பரில் சென்னையில் 3 நாள் கைவினைக் கண்காட்சியில் ஓலைப்பெட்டி, கூடை, கிலுகிலுப்பை வைக்கிறோம். உங்கள் உதவி தேவை.

பெரிய தலைவலி பூஞ்சைதான். குருத்தோலையைக் காயவைத்துத்தான் எடுக்கிறோம். ஆனால் முடையும்போது ஒடியாமலிருக்க நனைக்க வேண்டியிருக்கிறது. அந்த ஈரம் மடிப்புக்குள் தங்கிவிடுகிறது. பாலித்தீன் பையில் கட்டினால் சீக்கிரமே கரும்புள்ளி விழுகிறது. அதனால் நிழலில் உலர்த்தி (வெயிலில் சாயம் வெளுக்கும்), செய்தித்தாள் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்குகிறோம். கூடவே சிலிக்கா ஜெல் போடுபவர்கள், ஒரு அட்டைப்பெட்டிக்கு எத்தனை கிராம் போடுகிறீர்கள்? வார்னிஷ் அடிக்க மனமில்லை, ஓலை மணமே போய்விடும்.

சாயமும் ஒட்டுகிறது. கொதிநீரில் சாயமும் கல்லுப்பும் போட்டு ஓலையை வேகவைக்கிறோம். சிவப்பும் ஊதாவும் ஈரக்கை பட்டால் கறையாகின்றன. ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்து, ஒட்டினால் ஓலையை மறுபடி அலசுகிறோம். படிகாரம் சேர்த்துப் பார்த்தவர்கள் உண்டா? லிட்டருக்கு எவ்வளவு, சாயத்துக்கு முன்பா பின்பா?

கிலுகிலுப்பை போன்ற சின்னப் பொருள் நிறைய விற்றாலும் கடை வாடகைக்கே சரியாகிவிடும். அரைக் கடை பகிர்ந்துகொள்ள யாராவது வருகிறீர்களா? மண்பாண்டமோ மரச்சொப்போ என்றால் நல்லது. வெள்ளைத் துணி மட்டும் வேண்டாம்.