சல்பைட்டு (sulfide) பீக் இல்ல, சல்பேற்று நாளுக்கு நாள் கூடுது: உதவுங்க

சம்மாந்துறைப் பக்கம் ஒரு நெல் அவிக்கிற ஆலையில, நெல் ஊறப்போட்ட கழிவுத் தண்ணியை இறுதியாண்டு ஆய்வுக்காக அயன் குரோமற்றோகிராபில (தண்ணில கரைஞ்ச அயன்களைப் பிரிச்சு அளக்கிற கருவி) ஓட்டுறன். போத்தலைத் திறந்தா கூழ்முட்டை நாற்றம். ஆனா வரைபில சல்பைட்டுக்கு பீக்கே இல்ல. சல்பேற்று முதல் நாள் லீற்றருக்கு 14 மில்லிகிராம், மூணாம் நாள் 31. இடைக்கிடை ஒரு அகலமான மேடும் வருது, ஒவ்வொரு தரமும் வேற வேற தண்ணி மாதிரியில. கொலம் (அயன்களைப் பிரிக்கிற குழாய்) பழுதாகிட்டோ? புதுசு வாங்க வழியில்ல. காபனேற்று எலுவன்ட் (கொலத்தால ஓடுற கரைசல்), சப்ரசரோட (எலுவன்ட்ட கடத்துதிறனைக் குறைக்கிற பகுதி) கடத்துதிறன் டிடெக்டர், ஓட்டம் 15 நிமிஷம்.

வந்தாறுமூலையிலிருந்து:
தங்கச்சி, கொலத்தில கை வைக்காதீங்க. ஐதரசன் சல்பைட்டு மென்னமிலம். சப்ரசரைத் தாண்டினதும் பெரும்பகுதி அயனாகாமலே டிடெக்டரைக் கடந்து போயிரும். பீக் இல்ல என்றதுக்காக சல்பைட்டு இல்ல என்று மட்டும் எழுதிராதீங்க, அந்தக் கழிவுத் தண்ணி வாய்க்காலால வயலுக்குப் போறது. மாதிரியை எப்படி எடுத்தீங்க?

கேட்டவர்:
அரைப் போத்தல் சேர். ஐஸ் இல்லாம மோட்டர் சைக்கிள்லதான் கொண்டுவந்தம்.

வந்தாறுமூலையிலிருந்து:
அந்த அரைப் போத்தல் காற்றுதான் காரணம். சல்பைட்டு ஒட்சியேறி தயோசல்பேற்று, சல்பைற்று (sulfite) என்று போய் கடைசில சல்பேற்றா நிக்கும். இனி ரெண்டு போத்தல் கொண்டு போங்க. ஒன்றில முதல்லயே சிங்க் அசற்றேற்று விட்டு, தண்ணி எடுத்து, சோடியம் ஐதரொட்சைட்டால பிஎச் 9க்கு மேல ஏற்றி, கழுத்து வரை நிரப்பி மூடுங்க. சல்பைட்டு வெள்ளையாப் படியும். அதை மெதிலீன் நீல முறையால (வாற நீல நிறத்தை வெச்சு அளக்கிறது) அளங்க, அயன் குரோமற்றோகிராபுக்குள்ள விட வேணாம். மற்றப் போத்தலையும் காற்றில்லாம நிரப்பி ஐஸ் பெட்டில வெச்சு, 0.45 மைக்ரோன் வடிகட்டியால வடிச்சு அன்றைக்கே ஓட்டிருங்க. சல்பைற்றும் வேணுமென்றா இன்னொரு சின்னப் போத்தல்ல கொஞ்சம் போமல்டிகைட்டு சேருங்க, அது பிடிச்சு வெச்சிருக்கும்.

கல்முனையிலிருந்து:
அந்த மேடு தயோசல்பேற்றா இருக்கும். இந்த எலுவன்ட்ல அது சல்பேற்றுக்கு நல்லாப் பிந்தித்தான் இறங்கும். நீங்க 15 நிமிஷத்தில நிறுத்துறதால முதல் மாதிரிட தயோசல்பேற்று அடுத்த மாதிரிக்குள்ள வந்து விழுது. மாதிரிக்குப் பின்னால வெறும் அயனகற்றின தண்ணியை ஓட்டிப் பாருங்க. பிறகு வாவிப் பக்கமும் மாதிரி எடுக்கிற எண்ணம் இருந்தா கவனம், அங்க கடல் தண்ணியும் கலந்திருக்கும்: கடல் தண்ணில லீற்றருக்கு 19 கிராம் அளவில குளோரைட்டு, 2.7 கிராம் அளவில சல்பேற்று. நல்லா ஐதாக்காம விட்டா உங்கட சின்னப் பீக்கெல்லாம் அதுக்குள்ள புதைஞ்சிரும்.

கேட்டவர்:
சேர், வெறும் தண்ணிலயும் மேடு வந்திச்சு! ஓட்டத்தை 40 நிமிஷமாக்கினன், 27ஆம் நிமிஷம் தனியா இறங்கிச்சு. தயோசல்பேற்று ஸ்டாண்டட்டும் (ஒப்பிட்டுப் பார்க்கிற தெரிஞ்ச கரைசல்) அதே இடத்தில. கொலத்துக்கு ஒன்றுமில்ல, அல்ஹம்துலில்லாஹ். பழைய சல்பேற்றுக் கணக்கையெல்லாம் விட்டுட்டு, புதன்கிழமை ரெண்டு போத்தலோட திரும்ப ஆலைக்குப் போறன்.