கலைச்சொல்: அரைத்தானியங்கியா, தன்னேற்றத் துப்பாக்கியா?

வணக்கம்.

செமி-ஆட்டோமேட்டிக் ரைஃபிளுக்கு 'அரைத்தானியங்கித் துப்பாக்கி' என்ற பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. 'அரை' என்றதும் ஏதோ பாதி வேலைதான் தானாக நடக்கிறது என்று வாசகர் நினைப்பார். நடப்பது அதுவல்ல.

அமெரிக்கத் தரைப்படை 1936-ல் ஏற்றுக்கொண்ட எம்1 கேரண்ட் துப்பாக்கியைப் பாருங்கள். குண்டைத் தள்ளிக்கொண்டு வரும் வாயுவில் கொஞ்சம், குழல் முனையருகே பிரிந்து ஒரு தண்டைப் பின்னால் உந்தும். குழலின் பின்வாயை அடைத்திருக்கும் போல்ட்டைத் தண்டு திருப்பித் திறக்கும். வெற்று உறை வெளியே தெறிக்கும், சுத்தியல் பின்னுக்கு மடங்கும், சுருள்வில் இறுகும். வில் விரிகிறபோது போல்ட் முன்னே வந்து அடுத்த தோட்டாவைக் குழலுக்குள் ஏற்றிப் பூட்டிக்கொள்ளும். மனிதருக்கு மிச்சம், விசையை (டிரிக்கரை) இழுப்பது மட்டும். அதையும் ஒவ்வொரு குண்டுக்கும் விட்டு இழுக்க வேண்டும்.

ஆக, தானே ஏற்றும், தானே சுடாது. அதனால் 'தன்னேற்றத் துப்பாக்கி' என்பதே என் தேர்வு. நம் ஊர்க் காவலர்கள் சொல்லும் எஸ்.எல்.ஆர். என்பதன் விரிவும் செல்ஃப் லோடிங் ரைஃபிள்தான்.

'தன்னிரப்பி' என்ற யோசனையும் வந்திருக்கிறது. கேரண்டில் 8 தோட்டா கொண்ட கிளிப்பை வீரர் கையால்தான் நிரப்புவார். நிரப்புவது வேறு, ஏற்றுவது வேறு. இரண்டையும் குழப்பக் கூடாது.

'வாயுவியக்கத் துப்பாக்கி' என்பது இன்னும் சிக்கல்; இந்த வகை எல்லாமே வாயுவால் இயங்குபவை அல்ல. ஆஸ்திரியத் துப்பாக்கி வடிவமைப்பாளர் மான்லிஹர் 1885-ல் வடிவமைத்தது, சுடும்போது ஏற்படும் பின்னுதைப்பால் இயங்கியது. 1906-ல் விற்பனைக்கு வந்த, பிரௌனிங் வடிவமைத்த ரெமிங்டன் மாடல் 8-ம் பின்னுதைப்பு வகைதான். மெக்சிகோ 1908-ல் ஏற்றுக்கொண்ட மோன்ட்ராகோன் துப்பாக்கியோ வாயுவில் இயங்கியது. செய்து கொடுத்தது சுவிட்சர்லாந்தின் சிக் நிறுவனம். இவை எல்லாவற்றுக்கும் பொருந்துகிற பெயர்தானே நமக்கு வேண்டும்?

'தானியங்கித் துப்பாக்கி' என்பதை, விசையை விடும்வரை சுட்டுக்கொண்டே இருப்பவற்றுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் இன்னொன்று. விசையை அழுத்தியே வைத்திருந்தாலும் அடுத்த குண்டு பாயாதபடி தடுக்கும் சிறு உறுப்பு ஒன்று உண்டு, டிஸ்கனெக்டர். விசைக்கும் சுத்தியலுக்கும் உள்ள தொடர்பை அது விலக்கிவிடுகிறது. 'விசைவிலக்கி' சரிப்படுமா? இயந்திரவியல் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.