கதைக்கும் கதைப்பின்னலுக்கும் என்ன வேறுபாடு? கருப்பொருளை எப்படிக் கண்டறிவது?

கேள்வி (புதிய வாசகி):
வணக்கம். சிறுகதைகள் எவ்வாறு அமைந்துள்ளன என்று கவனித்துப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். கதைமாந்தரும் களமும் விளங்குகின்றன. ஆனால் கதைக்கும் கதைப்பின்னலுக்கும் உள்ள வேறுபாடு பிடிபடவில்லை. கருப்பொருளை எழுத முயன்றால் கதைச்சுருக்கத்தையே மீண்டும் எழுதிவிடுகிறேன். எந்தக் கூறிலிருந்து தொடங்குவது நல்லது?

மறுமொழி 1 (நெடுநாள் வாசகர்):
நாமே ஒரு சிறு கதையை அமைத்துப் பார்ப்போம். தந்தை இறந்தபின் வீட்டில் பூட்டிய பெட்டி ஒன்று இருக்கிறது. சில நாட்களில் சாவி காணாமற்போகிறது. அண்ணன் பூட்டை உடைக்கிறான். இப்படிக் காலவரிசையில் சொன்னால் அது கதை. பெட்டியிலுள்ள கடிதம் தன் பிறப்பைப் பற்றியது என்று தம்பிக்குத் தெரியும், அதனால் சாவியை ஒளிக்கிறான், ஒளித்ததால் அண்ணனுக்கு ஐயம் எழுகிறது, அந்த ஐயமே பூட்டை உடைக்கச் செய்கிறது என்று ஒன்றுக்கு ஒன்று காரணமாகும்போது அது கதைப்பின்னல். இரு நிகழ்ச்சிகளுக்கு இடையே ‘பிறகு’ என்ற சொல் போதாமல் ‘ஆகையால்’ என்றோ ‘ஆனாலும்’ என்றோ சொல்ல வேண்டியிருந்தால் அங்கே பின்னல் இருக்கிறது. பூட்டை உடைப்பதிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் சொல்வதும் பின்னலைச் சேர்ந்ததே.

முரணிலிருந்து தொடங்குங்கள். யாருக்கு என்ன வேண்டும், அதை எது தடுக்கிறது என்ற இரண்டையும் கண்டுவிட்டால் மற்றக் கூறுகள் தாமே தெரியவரும். துன்பியல் நாடகத்தில் பின்னலுக்கு முதலிடமும் மாந்தருக்கு இரண்டாமிடமும் தந்தார் அரிஸ்டாட்டில். சிறுகதைக்கு அந்த வரிசை பொருந்தாது என்பது என் எண்ணம். தம்பியின் அச்சத்தை நீக்கிவிட்டால் சாவி தொலைந்ததற்கே பொருளில்லை.

மறுமொழி 2 (இலக்கண ஆர்வலர்):
‘கருப்பொருள்’ என்ற சொல்லே சற்றுக் குழப்பக்கூடியது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. அந்நிலத்துக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என்கிறது. புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் ஆகியவற்றை உரிப்பொருள் என்கிறது. இன்றைய திறனாய்வில் நாம் கருப்பொருள் என்று குறிப்பது கதையின் மையக்கருத்தை. பழைய பொருளில் அதற்கு நெருக்கமானது உரிப்பொருள்தான். அது அகப்பாடலுக்கு வகுத்த இலக்கணம் என்றாலும், இடமும் காலமும் உணர்ச்சியோடு பிணைந்தவை என்ற அதன் பார்வை கதைக்களத்தை வெறும் பின்னணியாகக் கருதும் பழக்கத்தை மாற்றும்.

உங்கள் இடர்ப்பாட்டுக்கு ஒரு வழி உண்டு. பெட்டிக் கதையில் ‘குடும்ப இரகசியம்’ என்பது பேசுபொருள் மட்டுமே. அந்தப் பேசுபொருளைப் பற்றிக் கதை உணர்த்துவதை, மாந்தரையும் நிகழ்ச்சிகளையும் குறிப்பிடாமல், ஒரு முழு வாக்கியமாக எழுதுங்கள்: ‘அன்பினால் மறைக்கப்படும் உண்மையும் உறவைக் குலைக்கக்கூடும்.’ வேறொரு வாசகர் வேறு வாக்கியம் எழுதலாம். கதையின் சொற்களிலிருந்து சான்று காட்ட முடிந்தால் அதுவும் ஏற்கத்தக்கதே.

மறுமொழி 3 (சிறுகதை எழுதுபவர்):
நோக்குநிலை, அதாவது கதையை யார் பார்வையில் சொல்வது என்பது, இங்கே விடுபட்டுவிட்டது. வ.வே.சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ கதையை அந்த மரமே சொல்கிறது. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு எதையும் தடுக்க இயலாமல் நிற்பதால்தான் அதன் குரலில் துயரம் கூடுகிறது. பெட்டிக் கதையை அண்ணன் சொன்னால் கடிதம் இறுதிவரை மர்மமாக இருக்கும். தம்பி சொன்னால் மர்மம் இல்லை, ஆனால் ஒவ்வொரு காலடிச் சத்தமும் அச்சமூட்டும்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. பெட்டிக் கதையைத் தம்பியின் நோக்கில் ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். அவன் தன்னைக் காத்துக்கொள்ளவே சாவியை ஒளிக்கிறான் என்று எண்ணித் தொடங்கினேன். எழுதும்போது, உண்மை தெரிந்தால் அண்ணன் தந்தையை வெறுத்துவிடுவானோ என்பதே அவனுடைய பெரிய அச்சமாக மாறிவிட்டது. அப்படியானால் கருப்பொருள் வாக்கியத்தையும் மாற்றி எழுத வேண்டும் அல்லவா?

நெடுநாள் வாசகர்:
ஆம், மாற்றத்தான் வேண்டும். அந்தப் பக்கத்தையும் இங்கே பதிவிடுங்கள்.