கணக்கெடுப்பில் விடுபட்டது எது? புயல், வெள்ளம், மண்சரிவு பார்த்தவர்கள் எழுதுங்கள்

குருத்து
கஜா புயல் போய்ப் பத்து நாள் இருக்கும். பேராவூரணிப் பக்கம் மரம் எண்ண ஆள் பற்றவில்லை, படித்த பையன்கள் நாலு பேர் கூட வாங்க என்று கூப்பிட்டார்கள், போனேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் அந்தக் காற்று என்ன செய்தது என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, நேரே அந்தத் தோப்புக்கு வருகிறேன்.

விழுந்த மரங்கள்மேல் ஏறி இறங்கித்தான் நடக்க முடிந்தது. அடிமரத்தில் சுண்ணாம்பால் எண் போடுவது என் வேலை. 94 வந்தது. கிளம்பும்போது தோப்புக்காரப் பாட்டி என் கையைப் பிடித்து, நின்றுகொண்டிருந்த ஒரு மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனார். "இதையும் எழுதுப்பா." மரம் நேராகத்தான் நிற்கிறது. அண்ணாந்து பார்த்தால் குருத்து, முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி திருகி ஒரு பக்கம் தொங்குகிறது. தென்னைக்குக் குருத்து போனால் மரமே போச்சு, கீழ் மட்டைகள் கொஞ்ச நாள் பச்சையாக இருக்கும், அவ்வளவுதான். அப்படி 31 மரம். கூட வந்த அலுவலரும் விவசாயி வீட்டுப் பிள்ளைதான், அவருக்கும் தெரிந்தது. "சாய்ஞ்சது, முறிஞ்சது, இதத்தான் எழுதச் சொல்லியிருக்காங்க ஆயா. நிக்கிற மரத்த நான் எப்படி எழுதுறது?" என்றார். பாட்டி அவரிடம் ஒன்றும் பேசவில்லை. என்னைப் பார்த்து, "அது செத்தப்பறம் வந்து எழுதுவியாப்பா?" என்று கேட்டார். வருவேன் என்று தலையாட்டினேன். போகவில்லை.

வள்ளக்காரி
மரமாவது கண்ணெதிரே நிற்கிறது. கடலில் போனவர்களை எப்படி எண்ணுவது? ஒக்கி புயல், 2017 நவம்பர் 30. கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் தூத்தூர்ப் பக்கத்து ஆட்கள் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார்கள் என்பது வெளியே இருப்பவர்களுக்குப் புரியவே பல நாள் ஆனது. முதலில் வந்த எண்ணிக்கை அவ்வளவு சின்னதாக இருந்ததற்கு அதுதான் காரணம். கோயிலில் நாங்களே பட்டியல் போட்டோம். பள்ளிக்கூட நோட்டு, மூன்று பத்தி: வந்தவர், வராதவர், தகவல் இல்லை. ஒரே படகில் எத்தனை பேர் போனார்கள் என்பதற்கே மூன்று வீட்டில் மூன்று பதில். ஒரே பெயரில் நாலு பேர், அவர்களை அப்பா பேரை வைத்துத்தான் பிரித்தோம். படகில் கூலிக்கு வந்த வடநாட்டுப் பையன்களுக்கு எங்களுக்குத் தெரிந்தது கூப்பிடும் பெயர் மட்டும்தான்.

ஒரு அம்மா தினமும் வந்து நோட்டைத் திறந்து பார்ப்பார். ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ, யாரோ அவர் மகன் பெயரை இரண்டாவது பத்திக்கு மாற்றியிருந்தார்கள். "மக்ளே, அவன அதுல போடாத. தகவல் இல்லைங்கதுல போடு" என்றார். ரப்பரால் அழித்தேன். பேனாவில் எழுதியது, தாள் கிழிந்துவிட்டது.

காணாமல் போனவரை இறந்தவராகக் கொள்ளச் சட்டப்படி ஏழு வருஷம் ஆக வேண்டும். ஒக்கிக்கு அதைத் தளர்த்தி 20 லட்சம் கொடுத்தார்கள். அந்தப் பணத்தை வாங்க வேண்டுமானால் மகன் இறந்துவிட்டான் என்று அம்மாவே ஒப்புக்கொள்ள வேண்டும்.

சைதை அச்சகம்
குருத்து, அந்த அலுவலரைக் குறை சொல்ல முடியாது. நீங்கள் இரண்டு விஷயத்தைக் கலக்கிறீர்கள். கஜாவுக்கு ஒரு தென்னைக்கு 1,100 ரூபாய் அறிவித்தார்கள், அதில் 600 மரத்துக்கு, 500 வெட்டி அகற்றும் கூலிக்கு. அது நிவாரணம். இழப்பின் மதிப்பு இல்லை. பேரிடரை மதிப்பிடுகிறவர்கள் சேதத்தையும் இழப்பையும் தனித்தனியாகத்தான் எழுதுவார்கள். விழுந்த மரம், இடிந்த சுவர், இதெல்லாம் சேதம். புதுக்கன்று காய்க்க ஆறேழு வருஷம் ஆகுமே, அதுவரை வராமல் போகிற தேங்காய்க் காசு, மரம் ஏறுகிறவருக்கும் மட்டை உரிக்கிறவருக்கும் இல்லாமல் போன கூலி, இது இழப்பு. சேதத்தைப் போட்டோவில் காட்டலாம், இழப்பைக் காட்ட முடியாது. மாநில அரசு கஜாவுக்குக் கேட்டதே ஏறத்தாழ 15,000 கோடி. எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்று பார்க்காமல் ஒரு தொகையை மட்டும் வைத்துப் பேசவே கூடாது.

என் கதை சின்னது. 2015 டிசம்பரில் அடையாறு எங்கள் தெருவுக்குள் வந்தது. அச்சகத்தில் இடுப்பளவு தண்ணீர். காப்பீட்டிலிருந்து வந்தவர் சுவரில் இருந்த சேற்றுக் கோட்டை டேப் வைத்து அளந்தார், பேப்பர் வாங்கிய பில் கேட்டார். பில் எல்லாம் பேப்பரோடு சேர்ந்து கூழாகிக் கிடந்தது.

அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன். மழைக்காலத்துக்கு முன்னால் வீடு, கடை, தோப்பு எல்லாவற்றையும் நாலு பக்கமும் படம் எடுத்து வெளியூரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். பட்டா, சிட்டா, அடங்கல் நகல் இரண்டு இடத்தில் இருக்கட்டும். பில்லைப் படம் எடுங்கள். தண்ணீர் வடிந்ததும் கழுவாதீர்கள், கோடு தெரிகிற மாதிரி பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்திப் படம் எடுத்துவிட்டுக் கழுவுங்கள். விழுந்த மரத்தை எண்ணி முடிக்கும் முன் அறுக்க விடாதீர்கள். கணக்கெடுக்க வருகிறவர் எழுதியதைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளையையாவது கூட வைத்துக்கொள்ளுங்கள்.

குருத்து
அண்ணே, நான் யோசனை கேட்கவில்லை. அன்றைக்கு அந்தப் பாட்டிக்குப் பக்கத்தில் இருந்த "படித்த பிள்ளை" நான்தான். அலுவலரையும் நான் குறை சொல்லவில்லை, திரும்ப எழுதிப் பாருங்கள் என்று நானாவது சொல்லியிருக்கலாம், அதுதான் உறுத்துகிறது. சேதம், இழப்பு என்று பிரித்தீர்கள், சரி. அந்த 31 மரமும் எதில் வரும்? அன்றைக்கு அது இரண்டிலுமே இல்லையே.

லயத்துப் பையன்
கேரளத்தில் மூணாறு பக்கம் பெட்டிமுடி, தேயிலை எஸ்டேட். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி. கரண்டு இல்லை, போனில் சிக்னல் இல்லை, மண் சரிந்து லயத்தை, தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, மூடியது விடிந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. எஸ்டேட்டில் யார் வேலைக்கு வந்தார்கள் என்பதற்குச் செக்ரோல், அதாவது வருகைப் பதிவேடு இருக்கும். அன்றைக்கு ராத்திரி யார் எந்த வீட்டில் தூங்கினார்கள் என்பதற்கு எதுவும் கிடையாது. கொரோனாவால் பள்ளிக்கூடம் மூடி, வெளியூரில் படித்த பிள்ளைகளெல்லாம் வீட்டுக்கு வந்திருந்த நேரம்.

நான் பேர் எழுத உட்கார்ந்திருந்தேன். ஒரு மாமா வந்தார், அன்றைக்கு மேலே வேறு லயத்தில் தங்கியதால் பிழைத்தவர். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன். அஞ்சு என்றார். பேர் சொல்லுங்க மாமா என்றதும் ஒவ்வொன்றாகச் சொன்னார். எண்ணிப் பார்த்தால் ஆறு. ஆறாவது, அவர் கொழுந்தியா மகள். திருநெல்வேலிப் பக்கம் படிக்கிற பிள்ளை, லீவு நீண்டுகொண்டே போனதால் மாமா வீட்டிலேயே இருந்திருக்கிறாள். ரேஷன் கார்டில் அவள் பேர் இல்லை, அதனால் அவருக்கு எண்ணிக்கை அஞ்சு என்றே வாயில் வந்திருக்கிறது. பேர் சொல்லச் சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மொத்தம் 70 பேர். 66 உடல் கிடைத்தது.